பேச்சிப்பாறைக்குப் போய் வரலாம்

கன்னியாகுமரிக்குப் போகிறவர்கள் முக்கடலையும் பார்க்கிறார்கள். சூரியோதயம், அஸ்தமனம் இரண்டையும் ரசிக்கிறார்கள். சங்கு மாலையும் வண்ண மணலும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அதே ஜில்லாவின் வடமேற்கே, மலைகளின் மடியில், உப்பில்லாத ஒரு சமுத்திரம் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. அதுதான் பேச்சிப்பாறை நீர்த்தேக்கம்.

"தண்ணீரைப் பார்க்கவா இத்தனை தூரம்?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கக்கூடும். குழாயடியில் குடத்தோடு காத்து நின்று பழகிய நகரத்துப் பெண்ணுக்கு அந்தக் கேள்வியே எழாது. கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர் நிறைந்து கிடப்பதைப் பார்ப்பதும் ஒரு தரிசனம்தானே!

நாகர்கோவிலிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். தக்கலை, குலசேகரம் வழியாகப் பஸ் போகிறது. தென்னையும் வாழையும் மெல்லப் பின்வாங்க, ரப்பர் மரங்கள் இரு புறமும் அணிவகுத்து வருகின்றன. ஒவ்வொரு மரத்தின் இடுப்பிலும் பால் வடியும் சிரட்டை. "இதுவா ரப்பர்?" என்று குழந்தைகள் வியக்கும்போதே காற்றில் குளுமை ஏறிவிடும்.

அணை பிறந்த கதை

இந்தப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலம். மூலம் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில், 1897-ல் கோதையாற்றின் குறுக்கே வேலை தொடங்கி, 1906-ல் அணை முடிந்தது. முன்னின்று கட்டியவர் மின்சின் என்ற ஐரோப்பிய எஞ்சினியர். அவருடைய சமாதியும் அணைக்கு அருகிலேயே இருக்கிறது. தம் கையால் தேக்கிய தண்ணீரின் பக்கத்திலேயே உறங்குகிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

பிற்பாடு, 1950-களின் தொடக்கத்தில், பக்கத்துப் பரளியாற்றில் பெருஞ்சாணி அணை எழுந்தது. பேச்சிப்பாறைக்கு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி என்பது நாஞ்சில் நாட்டுக் குடியானவர்களுக்கு மனப்பாடம். காலையில் பத்திரிகையைப் பிரித்ததும் அவர்கள் கண் அணை மட்டத்தில்தான் போய் விழும். நாம் பவுன் விலை பார்ப்பதைப் போல!

காரணம் இல்லாமல் இல்லை. வழக்கமாக ஜூன் 1-ந் தேதி திறக்கும் தண்ணீர், பிப்ரவரி முடிய ஓடுகிறது. புத்தன் அணை, பாண்டியன் அணை என்று கை மாறி, தோவாளைச் சானல், அனந்தனாறு என்று பல கிளைகளாகப் பிரிந்து, ஜில்லாவின் 79,000 ஏக்கர் பாசனத்துக்குத் துணை நிற்கிறது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று அங்கே இரண்டு போகம் நெல் விளைவது இந்தத் தண்ணீரை நம்பித்தான். கால்வாயின் கடைசி வயலில் நிற்கும் உழவன், தண்ணீர் தன் வரப்புக்கு வந்து சேருமா என்று அந்த 48 அடியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

நமக்கு உல்லாசம், அவர்களுக்குப் பாதை

அமெரிக்காவில் பாலைவனத்தின் நடுவே கொலராடோ ஆற்றை மறித்து, 1930-களில் ஹூவர் அணை கட்டினார்கள். அங்கே தேங்கிய மீட் ஏரியில் மக்கள் கூடாரம் அடிக்கிறார்கள், படகு விடுகிறார்கள், தூண்டில் போடுகிறார்கள். சுற்றிலும் மொட்டைப் பாறை; நடுவே நீலத் தண்ணீர். நம் பேச்சிப்பாறையில் கரையைத் தொட்டுக்கொண்டு நிற்பது பச்சைக் காடு. அந்தக் காட்டுக்குள் மனிதர்களும் வாழ்கிறார்கள். அவர்கள் காணி மக்கள்.

நீர்ப்பரப்புக்கு அப்பால் உள்ள அவர்களுடைய சில குடியிருப்புகளுக்கு நெடுங்காலமாகப் படகுதான் பாதை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை படகில் வந்தது. கிழங்கும் மிளகும் படகில் வந்தன. பிரசவ வேதனை எடுத்த பெண்ணும், நடுநிசி ஆனாலும், மழை கொட்டினாலும், படகில்தான் வர வேண்டியிருந்தது. அணைக்குப் பெயர் தந்தவள் பேச்சியம்மன் என்று ஊரார் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் பேச்சியம்மன் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் பச்சைக் குழந்தைகளுக்கும் காவல் தெய்வம். அவள் பெயர் பெற்ற தண்ணீரைக் கடக்கும்போது அந்தத் தாய் யாரை வேண்டிக்கொண்டிருப்பாள் என்று சொல்லவும் வேண்டுமா?

கரையில் ஒரு படகைப் பார்த்தால் நமக்கு ஏறி உலாவத் தோன்றும். அது அவர்களுடைய ரோடு என்பது நினைவிருக்கட்டும். படகு சவாரி செய்தே தீர வேண்டும் என்கிற குழந்தைகளைத் திற்பரப்புக்கு அழைத்துப் போகலாம். குலசேகரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கோதையாறு அங்கே அருவியாக விழுகிறது. அருவிக்கு மேலே உள்ள தடுப்பணையில் பயணிகளுக்கென்றே படகுகள் உண்டு. தென்னை நிழல் விழுந்த அமைதியான தண்ணீரில் ஒரு சுற்று வந்துவிட்டு, கீழே வந்து அருவியில் குளிக்கலாம். பக்கத்திலேயே மகாதேவர் ஆலயம். சிவராத்திரியில் பன்னிரண்டு சிவாலயங்களுக்கு ஓடுகிற பக்தர்கள் வந்து போகும் தலங்களில் இதுவும் ஒன்று.

தூண்டிலும் கூடாரமும்

அணையில் மீன் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் அதிகாரிகளிடம் அனுமதி கேட்க வேண்டும். நம் நாட்டு அணைகளில் கட்லா, ரோகு போன்ற மீன்குஞ்சுகளை விட்டு வளர்ப்பது வழக்கம். அந்த மீனை நம்பிப் பிழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். காட்டுக்குள் கூடாரம் அடிக்கவும் வனத்துறையின் அனுமதி வேண்டும். யானை நடமாடும் மலை இது. இரவில் குலசேகரத்திலோ நாகர்கோவிலிலோ தங்கிவிட்டு, பொழுது விடிந்ததும் புறப்படுவது குடும்பத்துக்குச் சௌகரியம்.

செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை போனால் நீர்த்தேக்கம் நிறைந்திருக்க வாய்ப்பு அதிகம். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற ஜில்லா இது. ஆனால் மழை வலுத்து அணையிலிருந்து உபரி நீர் திறந்துவிட்டால், திற்பரப்பில் குளிக்க விடமாட்டார்கள். காவலர் தடுத்தால் முணுமுணுக்காமல் திரும்பிவிடுங்கள். ஆற்று வெள்ளம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. நீர்த்தேக்கத்தின் ஓரத்திலும் குழந்தைகளை இறங்க விடாதீர்கள். மேலே அமைதியாகத் தெரிந்தாலும் கீழே சேறும் பள்ளமும் உண்டு.

திரும்பும் வழியில் மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்க்கத் தவறாதீர்கள். பரளியாற்றுப் பள்ளத்தாக்கின் ஒரு மலையிலிருந்து மறு மலைக்கு, 28 தூண்கள் தாங்க, 115 அடி உயரத்தில் தண்ணீரைக் கொண்டுபோகும் பாலம் அது. 1960-களில் கட்டியது. விளவங்கோடு, கல்குளம் பகுதிகளின் வறண்ட மேட்டு நிலங்களுக்கு அந்தத் தொட்டி வழியாகத்தான் நீர் போய்ச் சேர்ந்தது. கீழே ஆறு, மேலே கால்வாய், நடுவே நாம்! தலை சுற்றுகிறவர்கள் மட்டும் ஓரமாக எட்டிப் பார்க்க வேண்டாம்.

கையோடு எடுத்துச் செல்ல

புளியோதரையும் தயிர்சாதமும் போதும். மற்றதை ஊரே கொடுக்கும். வேகவைத்த மரச்சீனிக் கிழங்கு, நேந்திரங்காய் வற்றல், 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற மட்டிப்பழம் எல்லாம் வழியில் கிடைக்கும். கைக்குழந்தை இருந்தால் மாற்றுத் துணி, குடை, ஒரு கம்பளி. இன்னொன்று, ஒரு காலிப் பை. சாப்பிட்ட இலையும் காகிதமும் அதில் திரும்பி வரட்டும். அணைக் கரையில் நாம் போட்டுவிட்டு வருகிற குப்பை, மழையோடு இறங்கி, சானல் வழியே யாரோ ஒருவருடைய வயலுக்கும் போகும், ஏதோ ஒரு வீட்டுக் குடத்துக்கும் போகும்.

அந்தத் தண்ணீருக்கு நாம் ஒரு நாள் விருந்தாளி. அதை நம்பி வருஷம் முழுக்கக் குடித்தனம் நடத்துகிறவர்கள் மலையிலும் இருக்கிறார்கள், வயலிலும் இருக்கிறார்கள். விருந்துக்குப் போன வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.