துப்பாக்கிக் குழலை அறுத்தல் ஆகாது

வீட்டுக் காவலுக்கு லைசென்ஸ் பெற்ற ரவைத் துப்பாக்கியின் குழலை அறுத்துக் குட்டையாக்கினால் கையாள எளிதென்று கவரைப்பேட்டை முதலிய கிராமங்களில் எவரேனும் எண்ணக்கூடும். அஃது இருவகையில் கேடாகும்.

முதலாவது, பல துப்பாக்கிகளில் குழலின் நுனி சற்றே குறுகியிருக்கும்; ரவைகள் அதிகம் சிதறாமற் செல்வது அதனாலேயே. நுனியை இழந்தால் ரவைகள் விரைவிற் பரவித் திருடனுக்கு வைத்த குறி மனைவி மக்கள்மீதும் படலாம். இருளில் வெடியின் சுடரும் மிகுந்து, சுடுபவர் கண்ணையே மறைக்கும்.

இரண்டாவது, 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, தனி லைசென்ஸின்றிக் குழலைக் குறைப்பதைத் தடுக்கிறது. துப்பாக்கி வைத்திருக்கப் பெற்ற லைசென்ஸ் இதற்கு உதவாது. 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி தண்டனை 7 வருஷத்துக்குக் குறையாத சிறை, ஆயுள்வரை நீளலாம், அபராதமும் உண்டு.

ஆகவே அங்கத்தினர்கள் குழலை அறுக்காமல், கதவுக்கு உறுதியான தாழும், வாசலுக்கு விளக்கும், அண்டை வீட்டாரின் துணையும் தேடிக்கொள்வார்களாக.