மழைக்கு ஒதுங்கிய மலையேறிகள்

இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி விரிவுரையாளராக இருந்தவர் டான் ராபின்சன். 1964-இல் அவர் தம் துறைக் கட்டடத்தின் நடைவழி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் செங்கல் சுவரில் அங்கங்கே நிஜப் பாறைத் துண்டுகளைப் பதித்தார். காரணம் எளிமையானது. யார்க்‌ஷயர் வட்டாரப் பாறைகள் குளிர்காலம் முழுக்க நனைந்தே கிடக்கும். நான்கைந்து மாதம் ஏறாமல் இருந்தால் விரல்களில் வலு போய்விடும். வெயில் வந்ததும் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். மழைக்கு ஒதுங்கிய நேரத்தில் கையைச் சும்மா வைத்திருக்காமல் இருக்க ஓர் ஏற்பாடு, அவ்வளவுதான்.

அந்தச் சுவரே கதியென்று கிடந்த மாணவர்களில் ஒருவர் ஜான் சிரெட். 1970-இல் அவர் லீட்ஸுக்கு அருகிலுள்ள ஆம்ஸ்கிளிஃப் பாறைக்குப் போய், ‘வால் ஆஃப் ஹாரர்ஸ்’ என்ற தடத்தில் ஏறினார். அதுவரை அதில் ஏறியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பாறையில் பல்லாண்டு உழன்றவர்கள் தயங்கிய இடத்தில், நடைவழிச் சுவரில் தேறிய ஒரு மாணவர் ஏறிவிட்டார் என்ற செய்தி பிரிட்டன் மலையேறிகளிடையே பரபரப்பாகப் பேசப்பட்டது. பள்ளிகளிலும் நகராட்சி விளையாட்டுக் கூடங்களிலும் இதேபோன்ற சுவர்கள் முளைத்தன. ராபின்சனே பிற்பாடு சுவர் கட்டித்தரும் தொழிலில் இறங்கினார்.

ஆனால் சுவரைக் கட்டிக் கொடுப்பது வேறு, சுவரில் ஏற விட்டுக் காசு வாங்கிப் பிழைப்பது வேறு. சிமெண்டில் பதித்த கல் இடம் மாறாது. எந்தக் கல்லில் இடக்கை, எந்தப் பிளவில் வலக்கால் என்பது சில வாரங்களில் மனப்பாடம் ஆகிவிடும். பல்கலைக்கழகச் சுவருக்கு இது பிரச்சினையில்லை. அங்கே ஆண்டுதோறும் புது மாணவர்கள் வருவார்கள், வாடகையும் கிடையாது. கதவைத் திறந்து கல்லாவில் உட்காரும் ஒருவருக்கு இது உயிர்ப் பிரச்சினை.

அப்படிக் கல்லாவில் உட்காரத் துணிந்தவர்கள் 1987-இல், இரண்டு கண்டங்களில், கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் தோன்றினார்கள். பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் இசபெல் டோர்சிமோன், மார்க் பொட் இருவரும் ‘தேர் நுவ்’ என்ற கூடத்தைத் திறந்தார்கள். அமெரிக்காவின் சியாட்டிலில் ரிச் ஜான்ஸ்டன், டான் காத்தார்ன் என்ற இரண்டு மலையேறிகள் ‘வெர்டிகல் கிளப்’ ஆரம்பித்தார்கள். கட்டணம் வாங்கி நடத்தப்பட்ட முதல் அமெரிக்க க்ளைம்பிங் ஜிம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். சியாட்டிலும் மழை ஊர். செயற்கைப் பாறை அதற்குப் புதிதுமல்ல. சாரணர் தலைவர் கிளார்க் ஷர்மன் வடிவமைத்த கற்குன்று ஒன்று, பெருமந்தக் கால வேலைவாய்ப்புத் திட்டத்தின்கீழ் 1939-இலேயே அந்நகரின் கேம்ப் லாங் பூங்காவில் எழுந்திருந்தது. ஆனால் அது திறந்தவெளி. வெர்டிகல் கிளப் கிடங்குக்குள் இருந்தது. அதன் முதல் சுவர்களில் பிடிகளாக இருந்தவை பசை போட்டு ஒட்டிய உண்மையான கற்கள். அதாவது, லீட்ஸின் சிக்கல் அப்படியே கூட வந்திருந்தது.

அதற்கான விடை பிரான்சில் ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருந்தது. பிரான்ஸ்வா சவின்யி 1985-இல் ‘ஆந்த்ர் ப்ரீஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, மணலும் பிசினும் கலந்து வார்த்த பிடிகளை விற்க ஆரம்பித்தார். பிடியின் நடுவே ஒரு துளை. அதன் வழியாக ஒரு போல்ட்டை நுழைத்து, சுவர்ப்பலகையின் பின்பக்கம் பொருத்தியிருக்கும் நட்டில் முடுக்கினால் பிடி அசையாது. தளர்த்தினால் கையோடு வந்துவிடும். பலகை முழுக்கச் சாண் இடைவெளிக்கு ஒன்றாக இத்தகைய துளைகள். இதே சுவரில் இன்று ஒரு பாதை, அடுத்த மாதம் வேறு பாதை. சினிமா கொட்டகைக்காரர் படம் மாற்றுவதுபோல ஜிம்காரரும் சுவரை மாற்றலாம் என்று ஆனது. க்ளைம்பிங் ஜிம் என்ற தொழில் பிழைத்ததற்கு ஒரே ஒரு பொருளைக் காட்டச் சொன்னால், கயிற்றையோ மெத்தையையோ காட்டுவதைவிட அந்த நட்டைக் காட்டுவதுதான் நியாயம்.

போட்டிகள் இந்த மாற்றத்தை ஊரறியச் செய்தன. 1985-இல் இத்தாலியின் பார்டொனேக்கியாவில் நடந்த போட்டி நிஜப் பாறையில்தான் நடந்தது. அடுத்த ஆண்டே பிரான்சின் வோ-ஆன்-வெலின் நகரில் உள்ளரங்கப் போட்டி. 1988-இல் அமெரிக்க மலையேறி ஜெஃப் லோ, யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்டில் ஒரு விடுதிக் கட்டடத்தின் வெளிச்சுவரையே போட்டிக்களமாக மாற்றினார். பாத்ரிக் எட்லிங்கேவும் கேத்தரின் தெஸ்திவேலும் வென்றார்கள். பாறை இல்லாமலும் பாறையேற்றம் நடக்கும், அதை உட்கார்ந்து பார்க்கவும் கூட்டம் வரும் என்பது அமெரிக்காவுக்குத் தெரிந்தது அங்கேதான்.

இதற்குப் பிறகு கடை விரித்தவர்கள் பெரும்பாலும் மலையேறிகளே. அவர்கள் எதிர்பார்த்த வாடிக்கையாளர்களும் மலையேறிகளே. இந்தக் கணக்குத்தான் பலருக்கு உதைத்தது. தேர்ந்த மலையேறி நல்ல வாடிக்கையாளர் அல்ல. வெயில் அடித்தால் பாறைக்குப் போய்விடுவார். கையில் காசு இருக்காது; இருந்தால் அடுத்த பயணத்துக்குச் சேர்த்துவைப்பார். கடுமையான பயிற்சிக்கு அவருக்குப் பெரிய கூடமும் தேவையில்லை. ஜெர்மனியின் வோல்ஃப்காங் குல்லிஷ், 1991-இல் அன்றைய உலகின் மிகக் கடினமான தடமான ‘ஆக்‌ஷன் டிரெக்ட்’டை ஏறி முடித்தார். அதற்கு அவர் தயாரானது நியூரெம்பெர்க்கின் ‘கேம்பஸ்’ என்ற உடற்பயிற்சிக் கூடத்தில், சாய்வான பலகையில் ஏணிபோல் அடித்த மரச்சட்டங்களில். காலே வைக்காமல் விரல்களால் மட்டும் தாவித் தாவி ஏறுவார். அந்தப் பலகைக்கு இன்றும் ‘கேம்பஸ் போர்டு’ என்றே பெயர். அப்படிப்பட்டவருக்கு நாலு மரக்கட்டையும் ஒரு மூலையும் போதும்.

வாடகையைக் கட்டியவர்கள் வேறு ஆட்கள். பிறந்தநாள் கொண்டாட வந்த குழந்தைகள், அலுவலகம் முடிந்து வந்த கணினிக்காரர்கள், டிரெட்மில்லில் ஓடிச் சலித்தவர்கள். இவர்களில் பலர் வாழ்நாளில் ஒருமுறைகூட நிஜப் பாறையைத் தொட்டிருக்க மாட்டார்கள். பழைய மலையேறிகளுக்கு இது எரிச்சல். ஆனால் மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் சந்தாவை, மழையோ வெயிலோ, செலுத்தியவர்கள் இவர்கள்தான். யோகா வகுப்பு, எடை தூக்கும் அறை, காபிக் கடை, மடிக்கணினி வைத்து வேலை பார்க்க மேசை என்று ஜிம்கள் விரிந்ததும் இவர்களை வைத்துத்தான். சான்பிரான்சிஸ்கோவில் 1995-இல் ‘மிஷன் கிளிஃப்ஸ்’ திறந்த டச்ஸ்டோன் நிறுவனம் இந்த வழியில் போய்க் கலிபோர்னியா முழுக்கக் கிளை பரப்பியது.

இடம் பிடிப்பது தனிக் கதை. இந்தத் தொழிலுக்கு வேண்டியது உயரம். சாதாரணக் கடைக் கட்டடத்தில் அது கிடைக்காது. புதிதாகக் கட்டினால் கட்டுப்படியாகாது. ஆகவே ஊரில் யாருக்கும் வேண்டாத உயரமான கட்டடங்களைத் தேடிப்போனார்கள். பிரிஸ்டலிலும் மான்செஸ்டரிலும் வழிபாடு நின்றுபோன தேவாலயங்கள் ஏறுகூடங்கள் ஆயின. இல்லினாய் மாநிலத்தின் புளூமிங்டனில் தானியம் கொட்டிவைத்த சிலோக்களில் கயிறு தொங்குகிறது. மான்ட்ரியலில் சர்க்கரை ஆலையின் சிலோக்கள்.

இவற்றில் அழகானது லண்டன் ஸ்டோக் நியூயிங்டனில் இருக்கும் ‘காஸில்’. பார்த்தால் ஸ்காட்லாந்துக் கோட்டை. உண்மையில் 1850-களில் குடிநீர் இறைக்கக் கட்டிய நீரேற்று நிலையம். நீராவி எஞ்சினும் புகைபோக்கியும் அக்கம்பக்கத்தார் கண்ணை உறுத்தக்கூடாது என்று கோட்டை வேஷம் போட்டுவிட்டார் வடிவமைத்த சாட்வெல் மில்ன். எஞ்சின்கள் நின்றபிறகு இடிக்கத் திட்டமிட்டார்கள். ஊர்மக்கள் எதிர்த்துக் காப்பாற்றினார்கள். 1995 முதல் அது க்ளைம்பிங் ஜிம். விக்டோரியா காலத்துப் போலிப் பகட்டு இப்படி ஒரு தொழிலுக்குப் பயன்படும் என்று யாரும் நினைத்திருக்க முடியாது.

ஜெர்மனியில் நிலைமையே வேறு. அங்கே 1869-இல் தொடங்கிய ஜெர்மன் ஆல்பைன் கழகம் இருக்கிறது. பத்து லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள். மியூனிக்கின் தால்கிர்ஷனில் உள்ளது போன்ற பெரிய ஏறுகூடங்கள் பலவும் இந்தக் கழகத்தின் கிளைகள் கட்டியவை. லாப நோக்கற்ற அமைப்பு என்பதால் அரசு உதவியும் கிடைக்கும். பக்கத்தில் சொந்தக் காசு போட்டுக் கூடம் நடத்தியவர்களுக்கு வயிறு எரியாமல் இருக்குமா? விஷயம் ஐரோப்பிய ஆணையம்வரை போனது. 2012 டிசம்பரில் ஆணையம் கழகத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது: விளையாட்டை வளர்க்கும் அந்த உதவி விதிகளுக்கு உட்பட்டதே என்று.

தனியார் கூடங்களின் அடுத்த கவலை ஆட்கூலி. கயிற்றில் ஏறுவதற்குக் குறைந்தது இருவர் வேண்டும்: ஏற ஒருவர், கீழே கயிறு பிடிக்க ஒருவர். புதிதாக வருபவருக்கு முடிச்சுப் போடவும் கயிறு பிடிக்கவும் சொல்லித்தர வேண்டும், சோதித்துப் பார்த்துத்தான் விட வேண்டும். தனியாக வருபவர் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். இந்தத் தலைவலியை இரண்டு வழிகளில் குறைத்தார்கள்.

ஒன்று, தானே கயிறு பிடிக்கும் எந்திரம். சுவர் உச்சியில் பெட்டி. அதிலிருந்து தொங்கும் நாடாவை இடுப்புவாரில் மாட்டிக்கொண்டால், ஏற ஏற நாடா உள்ளே சுருண்டுகொள்ளும். விழுந்தால் மெதுவாகக் கீழே இறக்கும். காந்தத்தால் இயங்கும் வகையில், காந்தப்புலத்துக்குள் சுழலும் உலோகத்தில் மின்சுழல் தூண்டப்பட்டு, அதுவே வேகத்தைத் தடுக்கும். உரசித் தேயும் பிரேக் கட்டை கிடையாது. இதில் ஆபத்து எந்திரத்தைவிட மனிதரிடம்தான்: பத்து முறை மாட்டியவர் பதினோராவது முறை பேச்சு மும்முரத்தில் மாட்ட மறந்து ஏறிவிடுவார். அதனால்தான் இத்தகைய தடங்களின் அடியில் பளிச்சென்ற நிறத்தில் பெரிய முக்கோணத் துணியொன்று வழியை மறைத்துக் கட்டியிருக்கும். நாடாவைக் கழற்றினால்தான் துணி விலகும்.

இரண்டாவது வழி, கயிற்றையே தூக்கிப்போடுவது. நாலைந்து மீட்டர் உயரச் சுவர், கீழே கனத்த மெத்தை. ‘பௌல்டரிங்’ என்ற இந்த வகை, பாறைகளில் பழைய வழக்கம்தான். அதை மட்டுமே நம்பிப் பெரிய கூடம் நடத்தலாம் என்பதுதான் புதிது. 2006-இல் ஷெஃபீல்டில் திறந்த ‘க்ளைம்பிங் வொர்க்ஸ்’ அதைச் செய்துகாட்டிய கூடங்களில் ஒன்று. தேவாலயமும் சிலோவும் தேட வேண்டாம். சாதாரணத் தொழிற்பேட்டைக் கொட்டகை போதும். காலணியை மாட்டிக்கொண்டு யாரும் தனியாகவே ஏறலாம். ஆனால் ஏறுபவர்களைவிட மெத்தையில் உட்கார்ந்து, ‘இடது காலை அங்கே வைத்துப் பார்’ என்று யோசனை சொல்பவர்கள்தான் எப்போதும் அதிகம். அந்த அரட்டையும் வருமானத்தின் ஒரு பகுதியே.

2020 மார்ச்சில் எல்லாம் மூடின. பலரும் ஒரே பிடியைத் தொடுவது, மூச்சிரைப்பது, அடைத்த அறை எனக் கொரோனாவுக்கு ஆகாத அத்தனையும் இங்கே இருந்தன. இங்கிலாந்தில் உள்ளரங்க ஜிம்கள் ஜூலை 25-இல்தான் திறந்தன. நவம்பரில் மறுபடி பூட்டு, 2021 ஏப்ரல்வரை முழுதாக மூச்சுவிட முடியவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில், தள்ளிப்போடப்பட்ட டோக்கியோ ஒலிம்பிக்கில் ஏறுவிளையாட்டு முதன்முறையாக அரங்கேறி, ஸ்பெயினின் அல்பெர்த்தோ ஹினெஸும் ஸ்லோவேனியாவின் யானியா கார்ன்பிரெட்டும் தங்கம் வென்றார்கள்.

பெருமுதலும் இதற்குள் நுழைந்துவிட்டிருந்தது. மேரிலாந்தின் எர்த் டிரெக்ஸ், கலிபோர்னியாவின் பிளானட் கிரானைட், கொலராடோவின் மூவ்மெண்ட் என்று மலையேறிகள் ஊருக்கு ஊர் நட்டு வளர்த்த மூன்று நிறுவனங்கள் ஒன்றாகி, ‘மூவ்மெண்ட்’ என்ற ஒற்றைப் பலகையின்கீழ் வந்தன. சுவர் கட்டுவதோ, 1998-இல் பல்கேரியாவில் தொடங்கிய ‘வால்டோபியா’ போன்ற நிறுவனங்கள் உலகெங்கும் எடுத்துச் செய்யும் ஒப்பந்த வேலையாகிவிட்டது.

மாறாமல் இருப்பது பிடி மாற்றும் வேலைதான். கூடம் திறப்பதற்கு முன், காலையிலேயே, ஏணியிலும் கயிற்றிலும் தொங்கியபடி பிடிகளைக் கழற்றுகிறார்கள் பாதை அமைப்பவர்கள். சுண்ணப்பொடியும் வியர்வையும் ரப்பரும் அப்பிய பிடிகளைக் கழுவி, ஒரு பாதைக்கு ஒரு நிறம் என்று மறுபடி முடுக்குகிறார்கள். பிறகு தாங்களே ஏறிப் பார்க்க வேண்டும்: குட்டையானவருக்குக் கை எட்டுமா, தவறி விழுந்தால் எதிலாவது முழங்கால் இடிக்குமா, புதியவருக்கான பாதை உண்மையிலேயே சுலபமா. நாள் முழுக்கத் தலைக்குமேல் கையைத் தூக்கித் துரப்பணம் பிடித்துவிட்டு, கடைசியில் உடம்பால் சோதித்துப் பார்ப்பது. தோள்வலியும் விரல் காயமும் இவர்களுக்குக் கூடவே பிறந்தவை. சந்தாதாரர்களை விடாமல் வரவழைப்பது தங்கள் வேலைதான் என்பது இவர்களுக்கு நன்றாகவே தெரியும். சம்பளமும் பாதுகாப்பும் கேட்டு அமெரிக்க ஜிம் ஊழியர்கள் அண்மை ஆண்டுகளில் தொழிற்சங்கம் அமைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். வர்ஜீனியாவின் கிரிஸ்டல் சிட்டியில் உள்ள மூவ்மெண்ட் கிளையில் 2021 இறுதியில் ஊழியர்கள் சங்கத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள்.