கமராவுக்கு எந்தப் பற்றறி?

2010ஆம் ஆண்டு, மாரி தொடங்கிய நேரம். எங்கள் மாதர் சங்கக் கூட்டத்தைப் படம் எடுப்பதற்காக ஊர்காவற்றுறையிலிருந்து நெடுந்தீவுக்குப் போயிருந்தேன். வெளிநாட்டிலுள்ள உறவினர் ஒருவர் கொடுத்துவிட்ட சின்ன டிஜிற்றல் கமரா அது. ‘ஏஏ’ என்று எழுதிய பென்ரோச் பற்றறி இரண்டு போட வேண்டும்.

கூட்டம் முடிந்து இறங்குதுறைக்கு நடக்கையில் வயதான அம்மா ஒருவர் பின்னால் ஓடிவந்தார். பிளாஸ்ரிக் உறைக்குள் முத்திரையளவில் ஒரு படம்.

“பிள்ளை, இது என்ரை மோன். காணாமல் போட்டான். இந்தப் படம் ஒண்டுதான் மிச்சம். இதை ஒருக்கா உன்ரை கமராவிலை எடுத்துத் தாவன், கொப்பி அடிச்சு வைக்கலாம்.”

கமராவை அழுத்தினேன். பற்றறி அடையாளம் சிவப்பாய் மின்னிவிட்டு அணைந்தது. காலையில்தான் கடையில் புதிதாய் வாங்கிப் போட்டவை. இருபது படங்கூட எடுக்கவில்லை. படகு வெளிக்கிட ஆயத்தமாகிவிட்டது. “அடுத்த கிழமை வாறன் அம்மா” என்று சொல்லிவிட்டு ஏறினேன். குறிகட்டுவானுக்கு வந்து சேரும் அந்த ஒரு மணித்தியாலமும் ஒருவரோடும் பேச மனம் வரவில்லை.

பற்றறியின் அருமை தெரியாதவர்களா நாங்கள்? தீவுப்பகுதியை விட்டு யாழ்ப்பாணப் பக்கம் இடம்பெயர்ந்திருந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மின்சாரமும் இல்லை. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்டோம். ஓய்ந்துபோன பற்றறியை வெயிலில் காயவைத்து இன்னொரு நாள் உழைக்க வைத்தோம். அப்படிப் பழகிய எனக்குப் புதுப் பற்றறி அரைநாளில் செத்ததை நம்ப முடியவில்லை. வீட்டுக்கு வந்து அதே இரண்டில் ஒன்றைச் சுவர் மணிக்கூட்டில் போட்டேன். சித்திரை வருஷம் கழிந்தும் ஓடிக்கொண்டிருந்தது!

பிறகுதான் விளங்கியது. மணிக்கூடு மின்சாரத்தைத் துளித்துளியாகக் குடிக்கிறது. கமராவோ, அதிலும் பிளாஷ் அடிக்கும்போது, ஒரே மடக்கில் உறிஞ்சுகிறது. மலிவான நாகம்-கரிப் பற்றறியால் அந்த வேகத்துக்குக் கொடுக்க முடியாது. அழுத்தம் சட்டென்று விழ, கமரா “முடிந்துவிட்டது” என்று தானே நின்றுவிடுகிறது. உள்ளே மின் இன்னும் மிச்சம் கிடக்கும். அல்கலைன் பற்றறி இதைவிடத் தாக்குப்பிடிக்கும், ஆனால் விலை கூட. முடிந்தால் எறியத்தான் வேண்டும். திரும்பச் சார்ஜ் ஏற்றும் நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் பற்றறியில் 1.2 வோல்ற் என்றுதான் போட்டிருக்கும். 1.5ஐ விடக் குறைவென்று நானும் ஒதுக்கி வைத்ததுண்டு. பிழை. எவ்வளவு உறிஞ்சினாலும் அது அதிகம் தளராமல் கொடுக்கும். கமராவுக்கு வேண்டியது அதுதான். ஒரு சோடியைச் சில நூறு தடவை ஏற்றலாம்.

முதலில் சார்ஜரோடு சேர்த்து வாங்கும் காசு கண்ணைக் கட்டும். தையல் கூலியில் சேர்த்த காசைக் கொடுத்தபோது என் கையும் நடுங்கியது. ஆனால் மாதம் இரண்டு பிறந்தநாள், ஒரு சாமத்தியவீடு என்று படமெடுத்துப் பிழைப்பவளுக்கு, ஒவ்வொரு தடவையும் புதுப் பற்றறி வாங்கினால் கூலியில் பாதி அதற்கே போய்விடும்.

சகோதரிகளே, வாங்கும்போது பற்றறியில் உள்ள எண்ணையும் சார்ஜரில் உள்ள எண்ணையும் பாருங்கள். 2000 மில்லி அம்பியர் மணிப் பற்றறியை 200 மில்லி அம்பியர் சார்ஜரில் வைத்தால் பதினைந்து மணித்தியாலம் வரை செல்லும். எஞ்சின் ஓடினால்தான் கரண்ட் என்றிருந்த நெடுந்தீவில் இது சின்ன விடயமல்ல. பழைய வகைச் சார்ஜ் பற்றறிகள் சும்மா கிடந்தாலும் மின்னை இழக்கும். போன மாதம் ஏற்றியதை நம்பிப் படகேறக் கூடாது. 2005இல் சானியோ நிறுவனம் ‘எனலூப்’ என்ற பெயரில், ஏற்றி வைத்தால் நீண்டநாள் அப்படியே நிற்கும் வகையைக் கொண்டுவந்தது. இப்போது வேறு நிறுவனங்களும் செய்கின்றன. கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

சாதாரணப் பற்றறியை மட்டும் சார்ஜரில் போட்டுவிடாதீர்கள். கசியும், வெடிக்கவும் கூடும். பழையதையும் புதியதையும் சோடி சேர்க்கவும் வேண்டாம். என்னுடையவற்றில் சோடிக்கொரு நிறமாக நகப்பூச்சு அடித்து வைத்திருக்கிறேன். மகள் சிரிப்பாள், சிரிக்கட்டும்.

எறியும் பற்றறியை நான் முற்றாகக் கைவிடவும் இல்லை. உறை பிரிக்காத அல்கலைன் சோடி ஒன்று எப்போதும் பையில் கிடக்கும். நயினாதீவு அம்மன் திருவிழாக் கூட்டத்தில் சார்ஜருக்கு எங்கே போவது? மணிக்கூட்டுக்கும் ரீவி ரிமோட்டுக்கும் மலிவானதே போதும். முடிந்தவற்றைக் கிணற்றடியில் எறியாமல் தகரப் பேணியொன்றில் சேர்த்து, பட்டணம் போகும்போது பழைய பற்றறி எடுக்கும் இடத்தில் கொடுத்துவிடுகிறேன். சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கும் கொஞ்ச நல்ல தண்ணீர்தானே எங்களுக்கு இருப்பது.

இன்று கைப்பேசியே படம் எடுக்கிறது. ஆனாலும் பிரஷர் பார்க்கும் கருவி, ரோச், சின்ன வானொலி எல்லாம் இதே பற்றறியைத்தான் கேட்கின்றன. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் வெயிலிலும் காற்றிலும் மின் எடுத்துப் பெரிய பற்றறிகளில் சேமிக்கும் திட்டத்துக்கு 2022இல் இந்தியாவுடன் உடன்படிக்கை ஆனது. ஒரு கமராவுக்கு நான் போட்ட கணக்கைத் தீவுகளுக்கே போட்டிருக்கிறார்கள் போலும்.

அந்த அம்மாவிடம் அடுத்த கிழமை போக முடியவில்லை. கடல் கொந்தளிப்பில் படகு ஓடவில்லை. மூன்று கிழமை கழித்து, முதல்நாளே சார்ஜ் ஏற்றிய இரண்டு சோடியோடு போனேன். உறைக்குள் ஈரம் ஏறிப் படத்தின் ஒரு மூலை வெளிறியிருந்தது. முகம் தப்பியிருந்தது. வாசல் வெளிச்சத்தில் வைத்து ஒன்பது தடவை எடுத்தேன். 2013இல் நியமிக்கப்பட்ட ஆணைக்குழுவுக்கும், 2018இல் ஆணையாளர்கள் நியமிக்கப்பட்ட காணாமல்போனோர் அலுவலகத்துக்கும் அவர் கொடுத்தது அதன் பிரதிகளைத்தான். மூலப்படத்தை இப்போது யார் கேட்டாலும் வெளியே எடுப்பதில்லை.