பழமும் தயிரும் தரும் ஐஸ்கிறீம்

கண்டியிலிருந்து கம்பளைக்குச் செல்லும் வீதியில், பேராதனைக்கு அப்பால் அமைந்துள்ளது கெலிஓயா. இப்பகுதி வீட்டுத் தோட்டங்களில் பலா, மிளகு, கராம்பு ஆகியவற்றோடு ஆனைக்கொய்யாவும் செழித்து வளரும். காய்க்கும் பருவத்தில் அப்பழங்கள் உண்பாரின்றி உதிர்ந்து கிடப்பதுமுண்டு. பால் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குழந்தைகளும் நம் இல்லங்களில் உண்டு. ஐஸ்கிறீம் என்றால் அவர்களே ஓடி வருவர். இவ்விரு குறைகளையும் ஒருங்கே தீர்க்கும் வழியொன்றைக் காண்போம்.

பழம் சேர்ந்த ஐஸ்கிறீம் உடலை வளர்க்கும் என்று நாம் எண்ணுகிறோம். பழத்தில் உயிர்ச்சத்துகள் உண்டு, புரதமோ அற்பம். 100 கிராம் ஆனைக்கொய்யாவில் ஏறக்குறைய 2 கிராம் புரதமே உண்டு. மாம்பழத்தில் 1 கிராம்கூட இல்லை. பால்மாவிலோ சுமார் 25 கிராம் உண்டு. ஆகவே சுவையைப் பழத்திடமும், வலுவைத் தயிரிடமும் பால்மாவிடமும் பெறுதல் வேண்டும்.

ஆறு பேருக்கு வேண்டியவை: எருமைத் தயிர் 500 கிராம், பால்மா 60 கிராம், சீனி 100 கிராம், ஆனைக்கொய்யாச் சதை 250 கிராம், தேசிக்காய்ச் சாறு சிறிது, உப்பு ஒரு சிட்டிகை.

தயிரை முதல்நாள் இரவே மெல்லிய துணியில் கட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து நீரை வடித்துவிடுக. வடிந்த நீரை வீசிவிடாது கஞ்சிக்கோ ரசத்துக்கோ பயன்படுத்தலாம். கெட்டித் தயிருடன் பால்மா, சீனி, உப்பு ஆகியவற்றைக் கட்டியின்றிக் கடைக. சதை கறுக்காதிருக்கத் தேசிக்காய்ச் சாறு தெளித்து மசித்துக் கலந்து, அகன்ற பாத்திரத்தில் ஊற்றி உறைய வைக்குக. அரைமணிக்கொரு முறை வெளியே எடுத்து, ஓரத்தில் உறைந்ததை நடுவே தள்ளி நன்கு அடித்துவிடுதல் வேண்டும். நான்கு முறை இவ்வாறு செய்தால் போதும். உறைபெட்டி இல்லாதோர், மூன்று பங்கு நொறுக்கிய பனிக்கட்டிக்கு ஒரு பங்கு உப்பைச் சேர்த்து, அதனுள் மூடியிட்ட பாத்திரத்தை வைத்துச் சுழற்றலாம்.

இவ்வாறு அடிப்பது ஏன்? நீர் பெரும் பளிங்குகளாக உறைந்தால் நாவில் நறநறக்கும். அடிக்குந்தோறும் அவை சிறுத்துக் காற்றும் கலக்கிறது. புரதமும் நீரைப் பற்றிக்கொண்டு இதற்குத் துணைபுரிகிறது. ஆயினும் பால்மாவை அளவுக்கு மிஞ்சிச் சேர்த்தால், பாற்சீனி மணல்போல் திரண்டுவிடும்.

அன்னாசி சேர்ப்போர் ஒன்றை மறக்கலாகாது. பச்சை அன்னாசியிலுள்ள நொதியம் பாற்புரதத்தைச் சிதைத்துக் கசப்பேற்றும். துண்டுகளைச் சீனியுடன் கொதிக்கவைத்து ஆறவிட்டால் அக்குணம் அழிந்துவிடும்.

2021, 2022 ஆம் ஆண்டுகளில் பால்மாவுக்காக வரிசையில் நின்றதை நம் இல்லத்தரசியர் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய காலத்தில் வறுத்துத் தோல் நீக்கிய கச்சானை நைய அரைத்து, அதே 60 கிராம் அளவில் சேர்த்தால் புரதம் குறையாது. வாழைப்பழத்துடன் அது நன்கு பொருந்தும். கச்சான் ஒவ்வாத பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தலாகாது.

இவ்வாறு செய்த ஐஸ்கிறீமை ஆறு பேருக்குப் பகிர்ந்தால், ஒருவருக்கு ஏறத்தாழ 7 கிராம் புரதம் கிட்டும். அஃது ஒரு குவளைப் பாலுக்கு நிகர். பால் குடியென்று அதட்டிய தாய்மார், இனி இன்னொரு கிண்ணம் கேட்டு நிற்கும் பிள்ளையைக் காண்பர்.