டாட்டுக்குப் பின்னால் யார்?

புதிதாக இணையதளம் தொடங்குபவர்கள் பெயரைத் தேர்ந்தெடுக்க நாள்கணக்கில் யோசிக்கிறார்கள். அதன் வாலில் வரும் டாட் காம், டாட் இன், டாட் ஷாப் போன்ற பின்னொட்டை மட்டும் விலையைப் பார்த்துச் சில நிமிடங்களில் முடிவு செய்துவிடுகிறார்கள். டொமைன் எனப்படும் இந்த இணைய முகவரியை யாரும் ஒரேயடியாக விலைக்கு வாங்கிவிட முடியாது. ஆண்டுக் கட்டணம் கட்டிப் பயன்படுத்தும் உரிமையைத்தான் பெறுகிறோம். அந்த உரிமை எந்த நிபந்தனையில் நீடிக்கும், எப்போது பறிபோகும் என்பதைப் பின்னொட்டை நிர்வகிக்கும் அமைப்பின் விதிகளே தீர்மானிக்கின்றன. ஆகவே, பின்னொட்டு யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பதுதான் தேர்வின் முதல் படி.

டாட் இன், டாட் இயூ போல இரண்டு ஆங்கில எழுத்தில் அமைந்த பின்னொட்டுகள் ஏதேனும் ஒரு நாட்டுக்கோ நிலப்பகுதிக்கோ ஒதுக்கப்பட்டவை. அங்கே அரசியல் மாறினால் முகவரியும் ஆட்டம் காணும். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரிட்டன் வெளியேறிய பிறகு, அங்குள்ள நிறுவனங்கள் டாட் இயூ வைத்திருக்கும் தகுதியை இழந்தன; 2021 தொடக்கத்தில் ஏறத்தாழ 80,000 முகவரிகள் முடக்கப்பட்டன. முகவரி முடங்கினால் அதே பெயரில் இயங்கும் மின்னஞ்சலும் நின்றுபோகும். இலவசமும் காப்பாற்றாது. டாட் டிகே போன்றவற்றைக் காசில்லாமல் வழங்கிய ஃப்ரீனம் நிறுவனம், மோசடித் தளங்களுக்கு இடம் கொடுத்ததாக மெட்டா தொடுத்த வழக்குக்குப் பின், 2024-ல் டொமைன் தொழிலையே கைவிடுவதாக அறிவித்தது.

பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களே டாட் ஐஓ வைத்திருக்கின்றனவே என்று கேட்கலாம். சாகோஸ் தீவுகளை உள்ளடக்கிய பிரிட்டிஷ் பகுதிக்கு உரியது அது. அத்தீவுகளை மொரீஷியஸிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 2025 மே மாதம் கையெழுத்தானது. அந்தப் பின்னொட்டின் எதிர்காலமே விவாதப் பொருளாகிவிட்டது. பெரிய நிறுவனம் மாற்று முகவரிகளையும் வாங்கி வைத்துக்கொள்ளும். சிறு கடைக்காரருக்கு அந்த வசதி ஏது? அப்படியானால் டாட் காமுக்கே போகலாம் என்றால், அதில் நல்ல பெயர் மிச்சமில்லை என்பது நியாயமான குறை. அதற்கு ஊர்ப்பெயரையோ தொழிலையோ சேர்த்துப் பார்க்கலாம். அல்லது 2005 முதல் எல்லோருக்கும் எளிதாகக் கிடைக்கும் டாட் இன்னுக்குப் போகலாம். புதிய பின்னொட்டுகள் பலவற்றில் முதல் ஆண்டுக் கட்டணம் கவர்ச்சியாகவும் புதுப்பிப்புக் கட்டணம் பல மடங்காகவும் இருக்கும். இரண்டாம் ஆண்டு விலையைப் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது.

விலைக்கு அடுத்துப் பார்க்க வேண்டியது, தகராறு வந்தால் என்ன வழி என்பது. டொமைன் பெயருக்கு வணிகப் பெயருக்குரிய பாதுகாப்பு உண்டு என்று சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-ல் தீர்ப்பளித்தது. உங்கள் வணிகச் சின்னத்தை வேறொருவர் கெட்ட எண்ணத்துடன் டாட் இன்னில் பதிந்தால், அந்தப் பின்னொட்டை நிர்வகிக்கும் நிக்ஸி அமைப்பிடம் புகார் செய்யலாம். இந்திய நடுவர் சட்டப்படி விசாரணை நடக்கும். டாட் காமுக்கு, டொமைன் பெயர் முறையை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பு 1999-ல் கொண்டுவந்த விதிப்படி உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பு போன்றவற்றை நாட வேண்டும். அங்கே டாலரில் கட்டணம். இரு வழியிலும் பெயரை மீட்கலாம், ரத்து செய்யவும் வைக்கலாம். நஷ்டஈடு வேண்டுமானால் நீதிமன்றம்தான். இந்த உரிமைகள் கைக்கு எட்ட வேண்டுமானால், தளம் வடிவமைப்பவரின் பெயரில் அல்லாமல் உங்கள் பெயரிலும் மின்னஞ்சலிலும் பதிவு இருக்க வேண்டும். சிறு தொழிலுக்குச் சரியான பின்னொட்டு, தகராறு வரும்போது நீங்கள் போய் முறையிடக்கூடிய தூரத்தில் இருப்பதே.