பழைய ஜீப்: பழுதுக்கு முந்திக்கொள்வோம்

சிகந்தராபாத்தை அடுத்த மௌலா அலி, குன்றின் மேலுள்ள தர்காவுக்கும் தென்மத்திய ரயில்வேயின் டீசல் லோகோ ஷெட்டுக்கும் பெயர் பெற்ற ஊர். லோகோ ஷெட்டில், ஓர் எஞ்சின் பழுதாகி நிற்கும்வரை காத்திருப்பது வழக்கமன்று. நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், குறித்த நாள் வந்ததும் அது உள்ளே வந்தாக வேண்டும். எண்ணெய் சோதிக்கப்படும், தேய்ந்தவை மாற்றப்படும், செய்த வேலை பதிவேட்டில் ஏறும். அதே ஊரில் ஒரு வீட்டு முற்றத்தில் நிற்கும் பழைய ஜீப்புக்கும் இந்த முறையே பொருந்தும்.

1947-இல் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கியது. அந்த மரபில் வந்த சி.ஜே. 3பி, எம்.எம். 540 போன்ற வண்டிகளை இன்றும் பலர் பேணி வருகின்றனர். அவற்றின் அமைப்பு எளிது. சில ஸ்பேனர்கள், ஒரு கிரீஸ் கன், உற்பத்தியாளரின் கையேடு, சற்றுப் பொறுமை ஆகியவை இருந்தால் வழக்கமான பராமரிப்பை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஆயினும் எதை நாம் செய்யலாம், எதைத் தொடக்கூடாது என்னும் தெளிவு முதலில் வேண்டும்.

வண்டியைத் தூக்குவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. வில்லிஸ் வகை ஜீப்புகள் பலவற்றில் கை பிரேக் பின்சக்கரங்களைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், புரப்பெல்லர் ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியால் உயர்த்தினால், அந்தச் சக்கரம் டிஃபரென்ஷியல் வழியே தடையின்றிச் சுழலும். தரையிலுள்ள மற்றொரு சக்கரம் உருண்டுவிடும். கை பிரேக் போட்டிருந்தும் வண்டி நகர்வது இதனால்தான். ஆகவே சமதளத்தில் நிறுத்தி, தரையிலிருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஆக்சிலின் அடியில் உறுதியான ஸ்டாண்டு கொடுத்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி எக்காரணம் கொண்டும் வண்டியின் அடியில் நுழையக்கூடாது. பழைய சில வண்டிகளில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் எதிர்த்திசை மரையுடையவை என்பதையும் நினைவிற்கொள்க. தவறான திசையில் பலம் கொடுத்தால் போல்ட் முறிந்துவிடும்.

மாதந்தோறும் எஞ்சின் ஆயில், பிரேக் ஆயில், டயர் காற்றழுத்தம், பேட்டரி முனைகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ரேடியேட்டர் மூடியை எஞ்சின் ஆறிய பிறகே திறக்க வேண்டும். ஸ்பிரிங் ஷேக்கிள், யுனிவர்சல் ஜாயின்ட் ஆகியவற்றில் பழைய கிரீஸ் வெளிவரும்வரை புதியதைச் செலுத்தினால் நீரும் மணலும் வெளியேறும். டீசல் வண்டியாயின் எரிபொருள் வடிகட்டியில் தங்கும் நீரை வடித்துவிட வேண்டும். குறைவாக ஓடும் வண்டிக்கும் ஆண்டுக்கு ஒருமுறை எஞ்சின் ஆயில் மாற்றுவது நலம். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் மறுசுழற்சிக்கு அளிப்போம். வெள்ளத்தில் இறங்கி வந்த வண்டியின் ஆக்சில் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துவிட்டது என்று பொருள்; உடனே மாற்ற வேண்டும்.

நான்கு சக்கர இயக்கத்தை மண் தரையில் அவ்வப்போது பயன்படுத்துவது, உள்ளிருக்கும் பாகங்கள் இறுகிப்போகாமல் காக்கும். உலர்ந்த தார்ச்சாலையில் அதைப் போடலாகாது. திருப்பங்களில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல வேண்டும். இவ்வகை வண்டிகளில் அதற்கு இடமில்லாததால் பற்சக்கரங்கள் முறுக்கேறிச் சேதமடையும்.

பிரேக் கசிவு, ஸ்டியரிங் ஆட்டம், டீசல் பம்ப், இன்ஜெக்டர் ஆகியவற்றைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுவோம். மிகப் பழைய ஜீப்புகளில் நான்கு பிரேக்குகளும் ஒரே எண்ணெய்ச் சுற்றில் இயங்குகின்றன. ஒரு சக்கரத்தில் கசிந்தாலும் நான்கும் செயலிழக்கக்கூடும். இன்ஜெக்டரிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைக்கும் வேகமுடையது.

வண்டியைப் போலவே ஆவணங்களுக்கும் நாள் உண்டு. சொந்த உபயோக வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். படிவம் 25-ஐக் காலாவதிக்கு முந்தைய 60 நாட்களுக்குள் அளிக்கலாம். 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் ரூ.600-இலிருந்து ரூ.5,000 ஆக உயர்ந்தது. 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025-இல் ரூ.10,000 ஆனது. பதிவுச் சான்றில் பழைய வங்கிக் கடன் குறிப்பு நீக்கப்படாமல் இருந்தால், வங்கியிடம் தடையின்மைச் சான்று பெற்று, படிவம் 35 மூலம் நீக்கிக்கொள்க. உற்பத்தியாளர் தந்த அடிப்படை அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு முரணாகலாம்.

காப்பீட்டைப் பற்றியும் ஒரு சொல். தேய்மானத்தாலும் இயந்திரக் கோளாறாலும் நேரும் செலவைச் சாதாரண பாலிசி ஏற்பதில்லை. 5 ஆண்டு கடந்த வாகனத்தின் காப்பீட்டு மதிப்பு, உரிமையாளரும் நிறுவனமும் பேசி முடிவு செய்வது. வண்டி நன்னிலையில் உள்ளதென்று காட்டப் புகைப்படங்களும் ரசீதுகளும் அப்போது கைகொடுக்கும்.

எனவே, பழுதுச் செலவு நம் சேமிப்பிலிருந்தே வர வேண்டும். மாதம் ஒரு சிறு தொகையைத் தொடர் வைப்பில் போட்டு வந்தால், கிளட்சோ டயரோ மாற்றும் நாளில் கடன் வாங்க நேராது. சேசிஸ் துருவேறி வலுவிழந்துவிட்டால் மட்டும் பற்றை விட்டு, பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் ஒப்படைப்பதே அறிவுடைமை. அங்குக் கிடைக்கும் சான்று புதிய வாகனத்துக்கு வரிச்சலுகை கோர உதவும். அதுவரை, ஒரு குறிப்பேட்டில் தேதி, ஓடிய கிலோமீட்டர், செய்த வேலை, ஆன செலவு ஆகிய நான்கையும் எழுதி வருவோம். அடுத்த வேலை எப்போது, எவ்வளவு பணம் தேவை என்பதை அந்த ஏடே சொல்லிவிடும்.