படகு வேறொருவருடையது, தேதியும்தான்

பென்ஷன் வாங்கியபின் ஊரான் பாய்மரப் படகை ஓட்டிக்கொண்டு கடல் கடலாகச் சுற்றலாம், அதற்குக் கூலியும் தருவார்கள் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? 'யாட் டெலிவரி கேப்டன்' வேலையைப் பற்றி எழுதச் சொன்னபோது எனக்கும் வந்தது. விசாரித்துப் பார்த்ததும் வேறொரு காட்சிதான் மனதில் நின்றது. கேபின்கூட இல்லாத வெற்று லாரி சேசிஸில் தலைக்குத் துண்டு கட்டி, நெடுஞ்சாலையில் வெயிலோடு போகும் டிரைவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுடைய பங்காளிதான் இந்தக் கேப்டன். ஒரே வித்தியாசம், நடுவழியில் டீக்கடை கிடையாது.

கேப்டவுனை எடுத்துக்கொள்வோம். அங்கே கட்டமரான் கட்டுவது பெருந்தொழில். பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான், உருவம் வேறு: இரண்டு நீள உடல்களைப் பாலம் போட்டு இணைத்த மிதக்கும் வீடு. வாங்குகிறவர்களில் பலர் கரீபியன் தீவுகளில் விடுமுறைக்காரர்களுக்குப் படகை வாடகைக்கு விடுகிறவர்கள். கப்பலில் ஏற்றியும் அனுப்பலாம், ஆனால் இவ்வளவு அகலமான பொருளுக்குக் கப்பல் கட்டணம் கடிக்கும். அதனால் மூன்று பேரை ஏற்றி, படகைக் கடல்வழியே ஓட்டியே அனுப்பிவிடுகிறார்கள். முதலில் செயின்ட் ஹெலினா, சுமார் 1,700 கடல் மைல். பிறகு பிரேசிலின் மூக்கை ஒட்டிப் பூமத்தியரேகையைக் கடந்து கரீபியன். மொத்தம் சுமார் 5,500 மைல், ஏறக்குறைய ஆறு வாரம்.

படகில் ஏறியதும் செய்கிற முதல் வேலை மூடுவது. மெத்தைக்கு உறை, தரைக்கு அட்டை, அடுப்பு மேடைக்கு பிளாஸ்டிக் தாள். உரிமையாளர் வாங்கி வைத்த பீங்கான் தட்டைத் தொடக்கூடாது. தொழிற்சாலை வாசனை போகாத அந்தப் புதுப் படகில் எது எப்போது கழலும் என்று யாருக்கும் தெரியாது. டீசல் தொட்டியில் தங்கிய ஃபைபர் தூள் அலையில் கலங்கி வடிகட்டியை அடைக்கும். ரப்பர் குழாயின் கிளிப் தளரும். பாய் கம்பியில் உரசி உரசிக் கிழியும். முதல் பத்து நாளும் படகைப் பரீட்சை பார்க்கும் நாட்கள்தான். உள்ளே இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் பரீட்சை.

தகுதிக்கு வருவோம். பலரும் கேட்பது பிரிட்டனின் 'யாட்மாஸ்டர் ஆஃப்ஷோர்' சான்றிதழ். தேர்வுக்கு உட்காரவே 50 நாள் கடலில் கழித்திருக்க வேண்டும், 2,500 மைல் ஓடியிருக்க வேண்டும். அந்த மைல் கணக்குக்காகச் சம்பளமே இல்லாமல் ஏறிவரும் இளைஞர்களும் உண்டு. கூலி விழுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி என் கவலை. பல டெலிவரிகள் மொத்த ஒப்பந்தம்: சாப்பாடு, டீசல், திரும்பும் விமான டிக்கெட் எல்லாம் அந்தத் தொகைக்குள். துறைமுகத்தில் காற்றுக்காக ஒரு வாரம் காத்திருந்தால் அந்த வாரச் செலவு கேப்டன் பையிலிருந்து போகிறது. மறுமுனையிலோ கிறிஸ்துமஸுக்கு வாடிக்கையாளர் பணம் கட்டிக் காத்திருக்கிறார். அட்லாண்டிக்கின் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அது முடியவும் விடுமுறைக்கூட்டம் வந்து இறங்கவும் நடுவே இருப்பது சில வாரங்கள்தான். இந்த இடுக்கில்தான் கேப்டனின் தலை மாட்டிக்கொள்கிறது.

2014 டிசம்பரில் கேப்டவுனிலிருந்து ஒரு புதுக் கட்டமரான் தாய்லாந்தின் புக்கெட்டுக்குக் கிளம்பியது. படகில் மூன்று பேர். அடுத்த மாதம் தொடர்பு அறுந்தது. 2016 ஜனவரியில் தென்னாப்பிரிக்கக் கரைக்கு அப்பால் அது கவிழ்ந்து மிதப்பதைக் கண்டார்கள். அந்த மூவரும் கிடைக்கவில்லை. யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை சூறாவளிக் காலம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றை உடல் படகு காற்று ஏறினால் சாயும். அந்தச் சாய்வுதான் எச்சரிக்கை. கட்டமரான் அப்படிச் சாயாது, மேசையில் வைத்த டீகூடத் தளும்பாது. எனவே உடம்பு சொல்வதை நம்பி ஓட்ட முடியாது. காற்றுமானியின் எண்ணைப் பார்த்து, இருட்டுவதற்கு முன்பே பாயைக் குறைத்துவிட வேண்டும். கவிழ்ந்தால் தானாக நிமிராது. நம் மீனவர் கட்டுமரம் புரண்டால் மறுபடி ஏறி உட்கார்ந்துவிடுவார், இதில் அது நடக்காது. பாயைக் குறைத்தால் ஒரு நாளைக்கு இருபது முப்பது மைல் குறையும். அப்போது தேதி கண்முன் வந்து நிற்கும்.

இங்கேதான் இரண்டாவது தொழிலாக வருகிறவர் மேலானவர் என்று எனக்குப் படுகிறது. முப்பது வருடம் மின்வாரியத்திலோ வகுப்பறையிலோ கழித்தவருக்கு மாதம் பிறந்தால் பென்ஷன் வந்துவிடும். "இன்னைக்குப் போக வேண்டாம்" என்று அவரால் சொல்ல முடியும். வீட்டு வாடகைக்கு இந்த ஒரு டெலிவரியை நம்பியிருக்கும் இருபத்தெட்டு வயதுக்காரர் அதைச் சொல்லத் தயங்குவார். மூன்று மணி நேரம் காவல், ஆறு மணி நேரம் ஓய்வு என்று நாற்பது நாள் தூக்கத்தைத் துண்டு போட்டால் வயதான உடம்பு தாங்காது என்கிறார்கள் இளையவர்கள். இருக்கலாம். தூக்கம் கெட்டவரைப் பக்கத்துப் படுக்கையில் உள்ளவர் எழுப்பிவிடலாம், தவறான நாளில் கிளம்பிய படகைத் திருப்புவதுதான் கஷ்டம்.

ஆனால் டெலிவரி ஏஜென்ட்டின் பட்டியலில் முதலில் அழைக்கப்படுகிறவர் சரி சொல்கிறவர்தான். பென்ஷன்காரர்களே குறைந்த தொகைக்கு ஒப்புக்கொண்டு, தேதிக்கும் தலையாட்டத் தொடங்கினால் அவர்களிடம் இருந்த ஒரே பலமும் போய்விடும். அது தொடங்கிவிட்டது என்பதுதான் என் பயம்.

இந்த வேலைக்குப் போகிற எண்ணமிருந்தால் ஒப்பந்தத்தில் புறப்படும் தேதிக்குப் பக்கத்தில் 'காற்றைப் பொறுத்து' என்று எழுதச் சொல்லுங்கள். காத்திருக்கும் நாளுக்குத் தனிப்படி என்றும் சேர்க்கச் சொல்லுங்கள். எழுதித் தந்தால் கேப்டவுனில் பொழுது போவது சிரமமில்லை. மேசை மலைக்கு மேல் வெள்ளை மேகம் துணி போல விரிந்து கிடக்கும்வரை தென்கிழக்குக் காற்று அடங்காது. அந்த மேகம் சுருளும்வரை பயணத்துக்கு வேண்டிய முட்டைக்கோஸ், வெங்காயம் விலை விசாரித்துக்கொண்டு சந்தையில் சுற்றலாம்.